சுவரில் திகதி

முதலாம் திகதி வாடகை.
ஐந்து வரைக்கும் பொறுப்பேன்.
ஆறாம் திகதி படியிறங்கிப் போய்
கீழ் வாசலில் செருப்பைக் கொஞ்சம்
சத்தமாய் உதறுவேன்.
கதவைத் தட்டிக் கேட்பது மரியாதை இல்லையாம்,
ஞானசௌந்தரி சொல்லியிருக்கிறாள்.

அட்டனிலிருந்து டிக்கோயா போகும் வீதியில்
எட்டுப் பேர்ச்சஸ், மூன்று வீடு, ஒரே தண்ணீர் டாங்கி.
சவூதியில் பதினொரு வருசம் லொறி ஓட்டி
வாங்கிய செங்குத்து மண்.
ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு தட்டு,
பின்னால் இறங்கிப் பார்த்தால் மூன்று.
மேலே நாங்கள்.

நடு வீட்டு நிஸ்தாருக்கு போன் கடை.
மோட்டர் கரண்ட்டை வீட்டுக்கு வீடு பிரிப்பது அநியாயம்,
எங்கள் வீட்டில் ரெண்டே தலை என்கிறார்.
கீழ் வீட்டில் ஐந்து தலை.
அவர்களோ
இந்தக் குளிரில் யார் சேர் தினமும் குளிக்கிறது என்கிறார்கள்.
குளியலை எண்ணும் மீட்டர்
யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மாசியில் டாங்கி காயும்.
ஆனியில் தகரம் ஒழுகும்.
கக்கூஸ் குழி மட்டும்
விசேச நாள் பார்த்து நிரம்பும்,
பவுசர்க்காரன் லீவில் இருக்கும் நாளாகவும் பார்த்து.
வாடகையைக் கூட்டினால் அவர்கள் முகம் சுருங்குகிறது.
கூட்டாவிட்டால்
பேங்க் லோன் சுருங்க மாட்டேன் என்கிறது.

எல்லாருக்கும் என்னிடம் இருந்தது ஒரே பதில்:
பாப்போம்.

கீழ் வீட்டுப் பின்சுவரில் ஒரு விரிசல்.
கலைநேசி மிஸ் குடிவந்தது தை மாதம்.
அதற்கு முந்தின கிழமை
நானே பூசி, நானே தேய்த்து,
இளம்பச்சை ரெண்டு கோட் அடித்தேன்.
பூசினது யாருக்கும் தெரியாது.
சௌந்தரிக்குத் தெரியும்.

ஜூலையில் பல்ப் ஹோல்டர் மாற்றப் போனேன்.
பச்சைச் சுவரில் பென்சில்.
பிள்ளைகளின் கிறுக்கல்,
அட்வான்ஸில் கழிப்பேன் என்று வாயெடுத்தவன்
கிட்டப் போனேன்.

விரிசல் திரும்பி வந்திருந்தது.
அதன் நுனியில் குறுக்கே ஒரு சின்னக் கோடு.
ஜூன் 14.
ஒரு விரற்கடை மேலே ஜூன் 29.
அதற்கு மேலே ஜூலை 3.
ஜூலை 4.
ஜூலை 5.
ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அட்டை எழுதும்
நேரான, அவசரமில்லாத கை.
கட்டில் கதவுப் பக்கம் மாறியிருந்தது.
கதவோரம் ஒரு பை,
சிப் இழுத்து மூடி, தயாராக.

சொல்லியிருக்கலாமே மிஸ்.

சொன்னேனே சேர், ஜூன் மாசம்.
பாப்போம்னீங்க.

அந்தச் சொல் என்னுடையது இல்லை.
நோர்வூட் பக்கம் ஒரு காம்பராவில்
தகரம் பறந்த கிழமை,
அப்பா தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று
வாங்கி வந்த சொல்.
ஏழு வருசம் அந்தச் சொல்லுக்குக் கீழே
சட்டி வைத்துத்தான் தூங்கினோம்.
சவூதிக்கு நான் கொண்டுபோன பெட்டியில்
அதையும் வைத்திருக்கிறேன் போல.

மண்சரிவு பார்க்கும் ஆபீசுக்கு போன் எடுத்தேன்.
மூன்று முறை எடுத்த பிறகு ஒரு குரல்
பெயரை எழுதிக்கொண்டது.
உங்களுக்கு முன்னால் நாற்பது வீடு இருக்கு.
பலமு, மாத்தயா.

சிங்களத்திலும் அதற்கு
அதே நிறம்தான், இளம்பச்சை.

மதியத்திலிருந்து விடாமல் மழை.
சௌந்தரி எங்கள் ஹோலில்
டீவியைச் சுவரோரம் தள்ளி
ஐந்து தலையணைக்கு உறை மாற்றுகிறாள்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறேன்.
இன்றைக்குத் திகதி ஆறு,
அது நினைவில்லை எனக்கு.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
முதல் தடவையாய்க் கதவைத் தட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை தந்திடறேன் சேர்,
என்கிறது கதவு,
நான் வாயைத் திறக்கும் முன்னாலே.